பாலத்தைக் கட்டித் தந்து வாயைக் கட்டும் சீனா!

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இலங்கையின் காலி நகரில் 1911-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. அதில் உள்ள மொழிகள் மூன்று: சீனம், தமிழ், பாரசீகம். காலம் கி.பி. 1409. சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டு வந்த கல் அது. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தென்னாவரைக் கோயில் தெய்வத்துக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு மரியாதை. யார் யாருக்கு எந்த மொழி இனிக்குமோ அந்த மொழியில் பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் கொடுத்த கணக்கு!

அதோடு கதை முடிந்ததா? இல்லை. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் அதே செங் ஹோ இலங்கையில் போரிட்டு, அழகக்கோனார் என்ற ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டு போனார். இன்றைய சீன அரசு செங் ஹோவைச் சமாதானத் தூதர் என்று ஊர் ஊராகக் கொண்டாடுகிறது. யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அவர் பெயர் கூடுதலாகவே பேசப்படுகிறது. காணிக்கைக் கல்லைக் காட்டுகிறார்கள். சிறைபிடித்த கதையை யாரும் சொல்வதில்லை.

அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்கிறீர்களா? அதே முறை இன்றும் நடக்கிறது. இந்த முறை சிறைபட்டிருப்பது மன்னர்கள் அல்ல, முஸ்லிம் நாடுகளின் நாக்கு!

மென்சக்தி என்றால் என்ன?

படையை அனுப்பிப் பணிய வைப்பது ஒரு வழி. பணத்தைக் காட்டி வாங்குவது இன்னொரு வழி. படிப்பு, பண்பாடு, மொழி, உதவி, உபசாரம் ஆகியவற்றால் நம்மை விரும்ப வைத்து, தாங்கள் நினைப்பதை நாமாகவே செய்யும்படி ஆக்குவது மூன்றாவது வழி. இதற்கு மென்சக்தி என்று 1990-இல் பெயர் சூட்டியவர் ஜோசப் நை என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஹாலிவுட்டையும் ஜீன்ஸையும் வைத்து அமெரிக்கா செய்ததற்கு அவர் வைத்த பெயர் இது. பாடத்தை எழுதியது அமெரிக்கா, பரீட்சையில் அமர்ந்திருப்பது சீனா.

2007-இல் நடந்த சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 17-ஆவது மாநாட்டிலேயே அன்றைய அதிபர் ஹூ ஜின்டாவ், பண்பாட்டை நாட்டின் மென்சக்தியாக வளர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதற்கு முன்பே 2004-இல் தென்கொரியத் தலைநகர் சியோலில் முதல் கன்பூசியஸ் நிறுவனம் திறக்கப்பட்டுவிட்டது. 2013 செப்டம்பரில் அதிபர் ஷி ஜின்பிங் தரைவழிப் பட்டுப்பாதைத் திட்டத்தை அறிவித்தார். எங்கே தெரியுமா? கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். அடுத்த மாதமே கடல்வழிப் பட்டுப்பாதையை அறிவித்தார். எங்கே? இந்தோனேசிய நாடாளுமன்றத்தில். இரண்டுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். இந்தத் திட்டத்தில் முஸ்லிம் அண்டை நாடுகள் எவ்வளவு முக்கியம் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

கொடுத்ததை மறுக்கவில்லை

நியாயமாகப் பேசுவோம். கொடுத்ததை இல்லை என்று சொல்வது நம் வேலை அல்ல.

2018-ஆம் ஆண்டு சீனக் கல்வி அமைச்சகக் கணக்குப்படி அந்நாட்டில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 4,92,000 பேர். அதில் பாகிஸ்தானியர் 28,000-க்கு மேல். இந்தோனேசியர் 15,000-க்கு மேல். கஜகஸ்தான் மாணவர்கள் 11,000-க்கு மேல். நம் இந்திய மாணவர்கள் 23,000-க்கு மேல். இங்கே மருத்துவ சீட்டுக்குக் கேட்கும் பணத்தைக் கட்ட முடியாமல் அங்கே போய் டாக்டராகித் திரும்பிய பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

மலேசியாவின் சிப்பாங்கில் ஷியாமென் பல்கலைக்கழகம் 2016-இல் தன் கிளையைத் திறந்தது. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவுக்கும் பாண்டுங்குக்கும் இடையே அதிவேக ரயில் 2023-இல் ஓடத் தொடங்கியது. தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில் நாடாளுமன்றக் கட்டடத்தையே சீனா கட்டிக்கொடுத்தது. 2024 ஜூலையில் ஷி ஜின்பிங் நேரில் வந்து திறப்பு விழாவில் கலந்துகொண்டார். மாலத்தீவில் தலைநகர் மாலேயையும் விமான நிலையத் தீவையும் இணைக்கும் பாலம் 2018-இல் திறக்கப்பட்டது. கொரோனா காலத்தில், பணக்கார நாடுகள் தடுப்பூசியைப் பதுக்கிவைத்திருந்தபோது, இந்தோனேசியாவுக்கு முதலில் வந்து சேர்ந்தது சீனத் தடுப்பூசிதான். 2021 ஜனவரியில் அந்நாட்டு உலமா சபை அதற்கு ஹலால் என்று தீர்ப்பும் வழங்கியது.

இவற்றில் எதைத் தப்பென்று சொல்ல முடியும்? பாலத்தில் மக்கள் நடக்கிறார்கள். ஊசி உயிரைக் காத்தது. படித்த பிள்ளை குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறான். நன்றி மறப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பு அல்ல.

ஆனால் நன்றி வேறு, அடிமைச் சீட்டு வேறு! பாலத்துக்கும் ரயிலுக்கும் கடன் பத்திரத்தில் எழுதிய விலை ஒன்று. எழுதாத விலை இன்னொன்று. அந்த எழுதாத விலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த விலை எங்கே வசூலாகிறது?

சீனாவின் மேற்குக் கோடியில் சின்ஜியாங். உய்குர், கஜக், கிர்கிஸ் முஸ்லிம்களின் தாயகம். 2017 ஏப்ரலில் அங்கே தீவிரவாத ஒழிப்பு என்ற பெயரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'வழக்கத்துக்கு மாறான' தாடி குற்றம். முகத்திரை குற்றம். அதே காலத்தில் தடுப்பு முகாம்கள் எழுந்தன. அவற்றில் அடைக்கப்பட்டவர்கள் பத்து லட்சம் பேர் இருக்கலாம் என்று 2018 ஆகஸ்டில் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவின் கூட்டத்தில் பேசப்பட்டது. சீனா முதலில் அப்படி எதுவுமே இல்லை என்றது. பிறகு தொழிற்பயிற்சி மையங்கள் என்றது. 2019 டிசம்பரில் பயிற்சி பெற்றோர் அனைவரும் தேர்ச்சி பெற்று வெளியேறிவிட்டார்கள் என்றது.

தொழில் தெரியாதவர்களுக்குத்தான் பயிற்சி என்றால், பொருளாதாரப் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கு 2014-இல் ஆயுள் தண்டனை எதற்கு? உய்குர்களின் தர்காக்களைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியை ரஹிலே தாவுத் 2017 இறுதியில் காணாமல் போனாரே, அவர் என்ன தொழில் தெரியாமல் இருந்தார்? அவருக்கும் ஆயுள் தண்டனை என்ற செய்தி 2023-இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் தன் அறிக்கையை வெளியிட்டது. அங்கே நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அது கூறியது. அறிக்கை வந்த பிறகாவது முஸ்லிம் நாடுகள் வாய் திறந்தனவா?

மௌனத்தின் கணக்கு

2019 மார்ச். அபுதாபியில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். 57 நாடுகளின் அமைப்பு. தன் முஸ்லிம் குடிமக்களைக் கவனித்துக்கொள்வதற்காகச் சீனாவைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். கண்டனம் அல்ல சகோதரர்களே, பாராட்டு!

2019 ஜூலை. 22 நாடுகள் சீனாவைக் கண்டித்து ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதின. அதற்கு எதிராகச் சீனாவை ஆதரித்து 37 நாடுகள் கையெழுத்திட்டன. பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், தஜிகிஸ்தான் அதில் இருந்தன. கத்தார் மட்டும் பின்னர் தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றது.

2022 அக்டோபர் 6. ஐ.நா. மனித உரிமைக் குழுவில் ஒரு தீர்மானம். சீனாவுக்குத் தண்டனை கொடுக்க அல்ல, தடை விதிக்க அல்ல. ஆணையரின் அறிக்கையைப் பற்றி உட்கார்ந்து பேசலாமா என்று கேட்ட தீர்மானம், அவ்வளவுதான். ஆதரவு 17. எதிர்ப்பு 19. நடுநிலை 11. தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கும் உண்டு. இந்த நான்கில் இரண்டே இரண்டு மட்டும் கையை மாற்றி உயர்த்தியிருந்தால் 19-க்கு 17 என்று தீர்மானம் வென்றிருக்கும். முஸ்லிம் நாடுகளில் ஆதரித்து வாக்களித்தது பஞ்சத்தில் வாடும் சோமாலியா ஒன்றுதான். ரயிலும் துறைமுகமும் வாங்கியவர்களுக்கு இல்லாத துணிவு, சோற்றுக்குத் திண்டாடும் நாட்டுக்கு இருந்தது!

இந்த மௌனம் எப்படித் தயாராகிறது? துப்பாக்கி காட்டி அல்ல. உபசாரத்தால். 2019 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புகளான நஹ்ளத்துல் உலமா, முஹம்மதியா ஆகியவற்றின் பிரதிநிதிகள் சின்ஜியாங்கைச் சுற்றிப் பார்க்க அழைத்துச் செல்லப்பட்டார்கள். 2023 ஜனவரியில் அமீரகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பின் ஏற்பாட்டில் 14 நாடுகளின் மார்க்க அறிஞர்கள் போய்ப் பாராட்டிவிட்டு வந்தார்கள். எந்தத் தெருவில் நிற்பது, எந்தப் பள்ளிவாசலைப் பார்ப்பது, யாரிடம் பேசுவது எல்லாம் அழைத்தவரே முடிவு செய்யும் பயணம் அது. மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு மருமகளிடம் 'உனக்கு இங்கே ஏதாவது குறை உண்டா?' என்று மாமியார் முன்னாலேயே கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்?

ஒரு வணிகனின் வீடு

வணிகச் சகோதரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் உள்ள கில்கித்-பல்திஸ்தான் பகுதியிலிருந்து குஞ்சராப் கணவாயைக் கடந்து காஷ்கருக்குப் போய் வணிகம் செய்தவர்கள் பலர். அவர்களில் சிலர் அங்கேயே உய்குர் பெண்களை மணந்தார்கள். இரு நாட்டு நட்பு இமயத்தை விட உயர்ந்தது, தேனை விட இனியது என்று இரு அரசுகளும் மேடையில் முழங்கிய காலத்தில்தான், 2017 முதல் அந்த மனைவிமார் ஒவ்வொருவராகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சரக்கோடு திரும்பிய கணவன்மார் மனைவியையும் பிள்ளையையும் காணாமல் தவித்தார்கள். 2018-இல் கில்கித்-பல்திஸ்தான் சட்டமன்றமே அவர்களை விடுவிக்கக் கோரித் தீர்மானம் போட்டது. இஸ்லாமாபாத் என்ன செய்தது? 2015-இல் கையெழுத்தான 46 பில்லியன் டாலர் பொருளாதாரப் பாதைத் திட்டத்தை எண்ணிப் பார்த்தது. காஷ்மீருக்கும் பலஸ்தீனுக்கும் மேடைதோறும் குரல் கொடுத்த அன்றைய பிரதமர் இம்ரான் கான், உய்குர்களைப் பற்றிக் கேட்டபோது தனக்கு அதிகம் தெரியாது என்று 2019-இல் பேட்டி கொடுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாதாம்!

முஸ்லிம்களை மட்டும்தான் இப்படி நடத்துகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2016 நவம்பரில் பௌத்த நாடான மங்கோலியாவுக்கு தலாய் லாமா போனார். உடனே எல்லையில் மங்கோலிய சரக்குக்குக் கூடுதல் கட்டணம் விழுந்தது. கடன் பேச்சுவார்த்தை நின்றது. அடுத்த மாதமே இனி அவரை அழைக்க மாட்டோம் என்று மங்கோலிய வெளியுறவு அமைச்சர் சொல்ல வேண்டியதாயிற்று. அன்பளிப்பை வாங்கியவன் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்று சமாதானங்கள்

'இதெல்லாம் அமெரிக்காவின் பிரச்சாரம்' என்கிறார்கள். அமெரிக்காவின் யோக்கியதை நமக்குத் தெரியாதா? இராக்கைச் சுடுகாடாக்கியவர்கள் உய்குர்களுக்காக வடிக்கும் கண்ணீரை நாம் நம்பத் தேவையில்லை. இன்னும் சொல்வோம். அதே அமெரிக்கா 22 உய்குர்களைக் குவாண்டனாமோ சிறையில் அடைத்தது. 2002-இல் சீன அதிகாரிகளே அங்கு வந்து அவர்களை விசாரிக்க அனுமதித்தது. கடைசி மூவர் வெளியே வந்தது 2013 டிசம்பரில். ஆகவே உய்குர் முஸ்லிம் இரண்டு வல்லரசுகளிடமும் அடிபட்டவன். ஒரு திருடன் இன்னொரு திருடனைக் காட்டிக்கொடுக்கிறான் என்பதற்காகத் திருட்டே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

'அது சீனாவின் உள்நாட்டு விவகாரம்' என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் வெள்ளை இனவெறி அரசும் இதையேதான் சொன்னது. உள்நாட்டு விவகாரம் என்று உலகம் ஒதுங்கியிருந்தால் நெல்சன் மண்டேலா சிறையிலேயே முடிந்திருப்பார். சிறுபான்மையாக வாழும் நாம் இந்த வாதத்துக்குத் தலையாட்டினால், நாளை நமக்காகப் பேச வருகிறவனையும் நாமே தடுத்ததாகும்.

'பேசினால் வியாபாரம் போய்விடும்' என்கிறார்கள். இதுதான் உண்மையான காரணம். மற்ற இரண்டும் சாக்கு. இதற்கு மலேசியா பதில் சொல்கிறது. தாய்லாந்து தடுப்புக் காவலிலிருந்து 2017-இல் தப்பி வந்த உய்குர்களில் 11 பேர் மலேசியாவில் பிடிபட்டார்கள். திருப்பி அனுப்பு என்றது சீனா. 2018 அக்டோபரில் மகாதீர் அரசு அவர்களை விடுவித்துத் துருக்கிக்கு அனுப்பிவைத்தது. அதே அரசு சீனா கட்டவிருந்த கிழக்குக் கடற்கரை ரயில் திட்டத்தை நிறுத்திவைத்து, மறுபேச்சு நடத்தி, 2019-இல் அதன் செலவை 65.5 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 44 பில்லியனாகக் குறைத்தது. உலகம் இடிந்து விழுந்ததா? சீனா மலேசியாவின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளியாகவே தொடர்ந்தது. நிமிர்ந்து பேசியவனுக்கு விலையும் குறைந்தது!

கஜகஸ்தானில் அரசு குனிந்தபோதும் மக்கள் நிமிர்ந்தார்கள். முகாமில் வேலை செய்து தப்பி வந்த சைராகுல் சௌத்பாய் என்ற ஆசிரியை 2018-இல் ஷார்கெந்த் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது, அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மக்கள் திரண்டு நின்றார்கள். அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. பின்னர் ஸ்வீடனில் அடைக்கலம் பெற்றார். விளைநிலத்தை வெளிநாட்டாருக்கு நீண்ட குத்தகைக்கு விடும் சட்டத்தை எதிர்த்து 2016-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2021-இல் அரசு அதை அடியோடு தடை செய்தது. மறுபக்கம் தாய்லாந்தைப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்திருந்த உய்குர்களில் 40 பேரை 2025 பிப்ரவரியில் இரவோடு இரவாகச் சீனாவிடம் ஒப்படைத்தது.

நாம் என்ன செய்வது?

வணிகச் சகோதரர்களே! யிவு சந்தைக்குப் போகாதீர்கள், சீனச் சரக்கைக் கடலில் கொட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வாணிபம் ஹலால். காசு கொடுத்துச் சரக்கு வாங்குகிறீர்கள். கணக்கு அத்தோடு தீர்ந்தது. உங்கள் நாக்கு அந்த பில்லில் சேரவில்லை. யிவு பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகிறீர்கள், ஹலால் உணவகத்தில் சாப்பிடுகிறீர்கள். திரும்பி வந்து 'சீனாவில் முஸ்லிம்களுக்கு ஒரு குறையும் இல்லை, நான் கண்ணால் பார்த்தேன்' என்று டீக்கடையில் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்தது வெளிநாட்டு வியாபாரிக்கு விரித்த கம்பளம். காஷ்கரில் உள்ள உய்குர் அந்தக் கம்பளத்தில் கால் வைக்க முடியாது. துணி வாங்குகிறவர், இந்தப் பருத்தி எங்கே விளைந்தது, யார் கையால் பறிக்கப்பட்டது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை வாங்குகிறவன் கேட்டால்தான் விற்கிறவன் காதில் விழும்.

இளைஞர்களே! உதவித்தொகை கிடைத்தால் போய்ப் படியுங்கள். அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இலவசச் சுற்றுலாவுக்கு அழைத்து, திரும்பி வந்து நான்கு நல்ல வார்த்தை பேசச் சொன்னால், 'என்னை நான் விரும்பும் தெருவில், நான் விரும்பும் மனிதரோடு தனியாகப் பேச விடுவீர்களா?' என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தச் சுற்றுலா வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2022 வாக்கெடுப்பில் நம் இந்தியாவும் நடுநிலை என்று ஒதுங்கியது. எல்லையில் சீனாவைப் பகை என்று முழங்குபவர்கள் மனித உரிமை மன்றத்தில் ஏன் வாய் மூடினார்கள்? உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். முஸ்லிம்களின் வாக்கை வாங்கிப் போனவர்களிடம் முதலில் கேளுங்கள்.

கண்டதை மறைப்பதும் சாட்சியத்தை விற்பதும் பாவம் என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பாவத்தை 57 நாடுகள் கூடித் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கின்றன. அரசுகள் விற்றுவிட்ட சாட்சியத்தை மக்களாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும். நம் கடையில் எல்லாச் சரக்கும் இருக்கட்டும். அது மட்டும் விலைக்கு இல்லை!